நாய், பூனையைக் காணோமா? முதல் 3 நாள் போனில் தேடாதீங்க... தெருவில் தேடுங்க!

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பண்டிகை நேரத்தில் குழந்தையின் கை ஒரு நொடி நழுவினாலே நமக்கு உயிர் போய் உயிர் வரும். அதே கூட்டத்தில் பட்டாசுச் சத்தம் கேட்டு மிரண்ட நாய், கயிற்றை உருவிக்கொண்டு ஓடினால்? குழந்தைக்குப் பெயர் சொல்லத் தெரியும். நாய்க்குத் தெரியாது. அதுவும் கழுத்துப்பட்டை இல்லாத நாட்டு நாய் என்றால், வாசலைத் தாண்டிய நிமிடத்திலிருந்து ஊருக்கு அது இன்னொரு தெரு நாய்தான். உங்கள் வீட்டில் அது கட்டிலில் படுத்துத் தூங்கும், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குக் காத்திருக்கும் என்பதெல்லாம் அடுத்த தெருக்காரருக்கு எப்படித் தெரியும்?

செல்லப் பிராணியைத் தொலைத்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஸ்டேட்டஸ் போடுவது. பிறகு நாலு குரூப்பில் ஃபார்வர்டு. அதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அந்த இரண்டு மணி நேரம்தான் முக்கியம். ஏன் என்பதை ஆய்வுகளே சொல்கின்றன.

தூரம் போவதில்லை

அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிகள் நல அமைப்பு, 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாய் அல்லது பூனை வளர்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் பேசினார்கள். தொலைந்த நாய்களில் 93 சதவிகிதம், பூனைகளில் 75 சதவிகிதம் திரும்பக் கிடைத்திருந்தன. எப்படிக் கிடைத்தன என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். கிடைத்த நாய்களில் ஏறக்குறைய பாதி (49 சதவிகிதம்), அக்கம்பக்கத்தில் நடந்து தேடியே கிடைத்தவை. 15 சதவிகிதம் கழுத்து வில்லை அல்லது மைக்ரோசிப் மூலம் கிடைத்தன. பூனைகளில் 59 சதவிகிதம் தாமாகவே வீட்டுக்கு வந்துவிட்டன. 30 சதவிகிதம் அக்கம்பக்கத்தில் தேடியபோது சிக்கின.

பூனைகளுக்கென்றே 2018-ல் இன்னோர் ஆய்வு வந்தது. காணாமல் போன 1,210 பூனைகளின் விவரங்களைச் சேகரித்தார்கள். கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. 'மீன் வாடைக்குக் காசிமேடு பக்கம் போயிருக்கும்' என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லலாம். ஆனால், உங்கள் பூனை எதிர்வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கு அடியில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டுக் கணக்குதானே என்று தோன்றலாம். நம் ஊர் நெரிசல் வேறு, தெரு நாய்களின் எல்லைச் சண்டை வேறு. அப்படியிருந்தும் 'பக்கத்தில் தேடு, நடந்து தேடு' என்ற பாடம் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

முதல் 1 மணி நேரம்

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். பீரோவின் பின்புறம், கட்டிலடி, வாஷிங் மெஷின், மாடிப்படிக்குக் கீழே போட்டிருக்கும் பழைய சாமான்கள். பூனை என்றால் பரண், அலமாரி, மடித்து வைத்த மெத்தைக்கு நடுவில். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போங்கள்.

இந்த நேரத்தில் வீட்டில் ஒரு விசாரணை ஆரம்பிக்கும்: 'கதவை யாரு தொறந்து விட்டது?' தயவுசெய்து அதை ஒத்திப்போடுங்கள். பெரும்பாலும் அந்தக் கதவைத் திறந்தது வீட்டின் சின்னப் பிள்ளையாக இருக்கும். நாய் எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்ததும் அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். திட்டினால் பயத்தில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடும்.

நாயைத் தேடிப் போகிறவர், அது அதிகம் ஒட்டிக்கொள்கிற ஆளாக இருந்தால் நல்லது. தூரத்தில் கண்டதும் கத்திக்கொண்டு ஓடாதீர்கள். மிரண்ட நாய்க்கு உங்கள் முகம்கூட அடையாளம் தெரியாமல் போகும். துரத்தினால் இன்னும் நாலு தெரு தாண்டும். அங்கேயே உட்காருங்கள், பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள், வழக்கமாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரலில் கூப்பிடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் பல நாய்களுக்குப் பெயரைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டு நாய் இன்னொரு தெருவுக்குள் நுழைந்தால், அந்தத் தெருவின் நாய்கள் சும்மா விடாது. எந்தப் பக்கம் நாய்கள் கூட்டமாகக் குரைக்கின்றன என்று கவனியுங்கள். அதுவே ஒரு துப்பு.

பூனை விஷயம் நேர் எதிர். பயந்த பூனை ஓடாது, ஒளிந்துகொள்ளும். நீங்கள் கூப்பிட்டாலும் சத்தம் கொடுக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய வண்ணாரப்பேட்டை வீடுகளில் மாடிக்கு மாடி தாவிவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் 'பூனையைப் பார்த்தீங்களா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'உங்க மாடியை ஒரு தடவை பார்த்துக்கட்டுமாக்கா?' என்று அனுமதி கேளுங்கள். இரவு வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிச்சம் பட்டால் கண் மின்னும். வாசலில் கொஞ்சம் வறுத்த நெத்திலிக் கருவாடும், அது படுத்த, துவைக்காத துணியும் வையுங்கள்.

இந்த ஏரியாவுக்கே உரிய இரண்டு இடங்களை மறக்கக் கூடாது. ஒன்று, துணிக்கடைகளின் குடோன். ராத்திரி ஷட்டரை இறக்கும்போது உள்ளே பூனை இருப்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை ஷட்டர் திறக்கும் நேரத்தில் அங்கே நில்லுங்கள். இரண்டு, சரக்கு ஏற்றும் குட்டி யானையும் மீன்பாடி வண்டியும். மூட்டைக்கு நடுவில் தூங்கிய பூனை வண்டியோடு போய்விடலாம். அன்றைக்கு உங்கள் தெருவில் எந்த வண்டி நின்றது, எங்கே போனது என்று லோடு ஏற்றும் அண்ணன்களிடம் கேளுங்கள்.

முதல் நாள்: யாரிடம் கேட்பது?

தெருவை அதிகம் பார்ப்பவர்கள் யாரோ அவர்களிடம். விடியற்காலையில் பால் போடுபவர், தூய்மைப் பணியாளர்கள், டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், இரவுக் காவலாளி, தெரு நாய்களுக்குச் சாப்பாடு வைப்பவர். இந்தக் கடைசி ஆள் ரொம்ப முக்கியம். தெருவுக்குப் புதிதாக ஒரு நாய் வந்தால் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

தூய்மைப் பணியாளர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் சாலைகளிலும் கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் ஓடுகின்றன. ரோட்டில் அடிபட்டு இறந்த பிராணி எதையாவது எடுத்தார்களா என்று விசாரியுங்கள். கேட்கவே மனசு வராது. வீட்டுப் பெரியவர் யாராவது தனியாகப் போய் விசாரித்துவிட்டு வரலாம். பதில் தெரியாமல் மாதக்கணக்கில் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

இப்போது வாட்ஸ்அப்புக்கு வரலாம். செய்தி இப்படி இருந்தால் போதும்:

'காணவில்லை. ஆண் நாய், நாட்டு ரகம், செவலை நிறம், 3 வயது. நெஞ்சில் வெள்ளைத் திட்டு. நீலக் கழுத்துப்பட்டை. ஞாயிறு இரவு 8 மணிக்கு ஜி.ஏ. ரோடு பக்கம் கடைசியாகப் பார்த்தது. பயந்த சுபாவம், துரத்த வேண்டாம். பார்த்தால் போட்டோ எடுத்து, லொகேஷனோடு இந்த எண்ணுக்கு அனுப்பவும்.'

தேதி போடாமல் அனுப்பாதீர்கள். நாய் கிடைத்து ஒரு வருடம் கழித்தும் அந்த மெசேஜ் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டு முகவரியும் வேண்டாம். ஓர் அடையாளத்தை மட்டும், உதாரணமாக இடது காதுக்குள் இருக்கும் மச்சத்தை, எங்கேயும் எழுதாதீர்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நோட்டீஸ் அடிப்பதும் பலன் தரும். ஆனால், கண்ட சுவரில் ஒட்டினால் 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளிகள் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டப்படி குற்றம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குள் தெரிகிற மாதிரி மாட்டுங்கள். மெடிக்கல் ஷாப், டீக்கடை, பிராணிகளுக்கான உணவு விற்கும் கடை, கால்நடை மருத்துவமனை வாசல். பெரிய போட்டோ, பெரிய போன் நம்பர், நாலே வரி.

மாநகராட்சி வண்டி பிடித்திருந்தால்?

1913-க்கு போன் செய்யுங்கள். இது சென்னை மாநகராட்சியின் புகார் எண். எந்தத் தெருவில், என்றைக்கு, எத்தனை மணிக்குக் காணாமல் போனது என்று சொல்லி, அந்தப் பகுதியில் நாய் பிடிக்கும் வண்டி வந்ததா என்று கேளுங்கள். 2023-ம் ஆண்டின் விலங்குகள் இனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, எந்த நாயை எங்கே பிடித்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்க வேண்டும். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது பொது விதி. வட சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது புளியந்தோப்பு மையம். போனில் கேட்பதோடு விடாமல் நேரில் போய்ப் பாருங்கள். 'செவலை நாய்' என்று போனில் சொன்னால் அங்கே பத்து செவலை நாய்கள் இருக்கும்.

இதில் புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ம் தேதி உத்தரவிட்டது. வண்ணாரப்பேட்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஸ்டான்லி மருத்துவமனை, ஒரு பக்கம் ரயில் நிலையம், நடுவில் பள்ளிகளும் கல்லூரியும். மிரண்டு ஓடிய வீட்டு நாய் இதில் ஏதாவது ஒரு வளாகத்தில் ஒதுங்கினால், 'எப்படியும் கொண்டுவந்து விட்டுடுவாங்க' என்று காத்திருக்க முடியாது. அது வீட்டு நாய் என்று யாராவது காட்ட வேண்டும். காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

அங்கேதான் உரிமமும் மைக்ரோசிப்பும் வருகின்றன. சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கட்டாயம் என்று மாநகராட்சி 2025 இறுதியில் அறிவித்தது. உரிமம் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றதும் மையங்களில் வரிசை கட்டி நின்றார்கள். உரிமக் கட்டணம் என்னவோ 50 ரூபாய்தான். நம் பக்கத்தில் புளியந்தோப்பிலும் திரு.வி.க. நகரிலும் மாநகராட்சி மையங்கள் உண்டு. நிறையப் பேர் இதை அபராதத்துக்குப் பயந்து செய்த வேலையாகவே பார்க்கிறார்கள். நாய் தொலைந்த அன்றுதான் அதன் உண்மையான மதிப்பு தெரியும்.

மைக்ரோசிப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. அது ஜி.பி.எஸ். இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டாது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. இருப்பது ஒரு 15 இலக்க எண். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் போடுவார்கள். ஸ்கேனரைக் காட்டினால் எண் தெரியும், அந்த எண்ணோடு பதிந்த உரிமையாளரின் விவரம் கிடைக்கும். போன் நம்பரை மாற்றிவிட்டுப் பதிவை மாற்றாமல் விட்டால் சிப் இருந்தும் பயனில்லை.

காயம்பட்ட நாயை யாராவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அதனால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதே வேப்பேரியில் உள்ள எஸ்.பி.சி.ஏ., வேளச்சேரி புளூ கிராஸ் ஆகிய மூன்று இடங்களிலும் விசாரியுங்கள்.

போலீஸுக்குப் போகலாமா?

தாராளமாக. சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி உங்கள் உடைமை. யாராவது தூக்கிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தாலோ, சிசிடிவியில் பதிவாகியிருந்தாலோ, அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின்படி திருட்டு. வெறுமனே காணவில்லை என்றாலும் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவையுங்கள். நாளைக்கு யாராவது 'இது எங்க நாய்' என்று சொன்னால், நீங்கள் எந்தத் தேதியில் தேட ஆரம்பித்தீர்கள் என்பதற்கு அது ஆதாரம். போகும்போது பிராணியோடு நீங்கள் இருக்கும் பழைய போட்டோ, தடுப்பூசிப் புத்தகம், உரிமம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

'உங்க நாய் எங்கிட்ட இருக்கு... ஜிபே பண்ணுங்க'

நோட்டீஸில் போன் நம்பர் போட்டால் இப்படி அழைப்பு வரலாம். 'வண்டிக் கூலி அனுப்புங்க, கொண்டுவரேன்', 'ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கேன், உடனே பணம் கட்டணும்' என்பார்கள். அழுது களைத்த வீட்டில் இருப்பவர் யோசிக்காமல் அனுப்பிவிடுவார். இப்போதுதான் நீங்கள் எழுதாமல் வைத்த அந்த மச்சம் உதவும். 'இடது காதுக்குள்ள என்ன இருக்கு?' என்று கேளுங்கள். வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பிராணி கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண்.

கிளி, புறா வளர்ப்பவர்களுக்கு

கர்நாடகாவின் துமகூருவில் 2022 ஜூலையில் ஒரு குடும்பத்தின் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி பறந்துவிட்டது. கண்டுபிடித்துத் தருபவருக்கு 50,000 ரூபாய் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் போட்டார்கள். சில நாள்களில் கிளி கிடைத்தது. சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, ஒருவர் அதைத் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். யாருடையது என்று தெரியாமல் இருந்தவருக்கு நோட்டீஸைப் பார்த்ததும்தான் விஷயம் தெரிந்தது. சொன்னதைவிட அதிகமாக 85,000 ரூபாய் கொடுத்தது அந்தக் குடும்பம். தொலைந்த பிராணியை வைத்திருப்பவர் எல்லோரும் திருடர் இல்லை. உங்களை எப்படித் தேடுவது என்று தெரியாதவராக இருக்கலாம்.

வட சென்னையின் மொட்டை மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கு இது பழகிய பாடம். குஞ்சாக இருக்கும்போதே காலில் வளையம் மாட்டிவிடுவார்கள். வளர்ந்த பிறகு அதைக் கழற்ற முடியாது. அதில் எண் இருக்கும். வழி தவறிய புறா வேறொருவரின் கூட்டத்தோடு இறங்கிவிட்டாலும், அந்த எண்ணை வைத்து யாருடையது என்று சொல்லிவிடலாம். நாய்க்கு மைக்ரோசிப் செய்யும் வேலையைப் புறாவுக்கு ஒரு சின்ன வளையம் செய்கிறது.

ஒரு விஷயம்: நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறந்துபோனால் தேட வேண்டாம். அது வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

திரும்பி வந்ததும்

2024-ல் பெலகாவி மாவட்டம் நிப்பாணி பக்கத்து கிராமத்திலிருந்து பண்டரிபுரத்துக்கு யாத்திரை போனவர்களோடு 'மகாராஜ்' என்ற நாயும் போனது. அங்கே கூட்டத்தில் தொலைந்தது. ஊருக்கு வந்த சொந்தக்காரர் மறுநாள் பார்த்தால், வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது! சுமார் 250 கிலோமீட்டரைத் தனியாகக் கடந்து வந்த அதற்கு ஊரே மாலை போட்டு விருந்து வைத்தது. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால், ஆயிரத்தில் ஒன்று என்பதால்தான் அது செய்தியானது. அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

உங்கள் நாய் திரும்பி வந்தால், கொஞ்சுவதற்கு முன் உடம்பு முழுக்கப் பாருங்கள். கடித்த காயம் இருந்தால், ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மிரட்சியில் அது உங்களையோ வேறு யாரையோ கடித்திருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காது நுனியில் 'V' வடிவில் வெட்டு இருந்தால் பயப்படாதீர்கள். கருத்தடை செய்த நாய்க்கு வைக்கும் அடையாளம் அது. வட்டாரம் முழுக்க 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று ஒரு மெசேஜும் போட்டுவிடுங்கள். தேடிக்கொண்டிருக்கும் டீக்கடை அண்ணன் நிம்மதியாக இருப்பார்.

வாரம் கடந்தும் கிடைக்கவில்லையா? அந்த 1,210 பூனைகளில் முதல் 7 நாளில் உயிரோடு கிடைத்தவை 34 சதவிகிதம்தான். ஓராண்டுக்குள் கிடைத்தவை 61 சதவிகிதம். ஆகவே, நோட்டீஸ் கிழிந்தால் புதிதாக மாட்டுங்கள், புளியந்தோப்புக்கு இன்னொரு நடை போங்கள்.

உங்கள் வாசலுக்கு ஒன்று வந்தால்...

கழுத்துப்பட்டையோடு ஒரு நாய், மனிதர்களைக் கண்டு ஒதுங்காத ஒரு பூனை உங்கள் தெருவில் தடுமாறினால், தண்ணீர் வைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து ஏரியா குரூப்பில் போடுங்கள். முடிந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கண்டெடுத்த பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எடுத்து வைத்திருப்பவருக்கு உண்டு. உரிமையாளர் சன்மானம் அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வாங்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. 'என்னுடையது' என்று வருகிறவரிடம் பழைய போட்டோவைக் கேளுங்கள். உண்மையான சொந்தக்காரரின் போனில் நூறு இருக்கும்.

உங்கள் வீட்டுச் செல்லம் இப்போது காலடியில் படுத்திருக்கிறதா? இன்றைக்கே நாலு போட்டோ எடுங்கள்: முகம், இரண்டு பக்கவாட்டு, அதற்கு மட்டுமே உள்ள ஓர் அடையாளம். கழுத்துப்பட்டையின் உள்பக்கம் அழியாத மார்க்கரால் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்றால், இந்த வாரமே ஒருநாள் காலை அதற்கு ஒதுக்குங்கள். பட்டாசு வெடிக்கும் நாளிலும், மிக்ஜாம் மாதிரி புயல் மழை வரும் நாளிலும் கதவைச் சாத்தி, அதை உள்ளறையில் வைத்து, பக்கத்தில் ஒருவர் இருங்கள். வெள்ளம் வரும் என்றால் மட்டும் சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள். அவிழ்த்துவிட்டு உங்களோடு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.